பெரிய மாடத்தில் சிறிய வன்தட்டு

மேசைக் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே நோக்கினால், முன்முகத்தை ஒட்டி அடுக்கடுக்காகச் சில தகர அறைகள் தென்படும். கடைகளில் ‘பே’ என வழங்கும் அவற்றை இங்கு மாடம் என்போம். வன்தட்டும் குறுந்தட்டு இயக்கியும் அமர்வதற்கென்றே அமைந்த அம்மாடங்கள் பெரும்பாலும் இருவகை அளவின. பெரியது ஐந்தேகால் அங்குல மாடம்; அதில் அமரும் கருவியின் அகலம் 146.05 மி.மீ. சிறியது மூன்றரை அங்குல மாடம். அதற்குரிய கருவியின் அகலம் 101.6 மி.மீ. மடிக்கணினியிலிருந்து கழற்றிய இரண்டரை அங்குல வன்தட்டோ 69.85 மி.மீ. அகலமே உடையது. ஆகவே மூன்றரை அங்குல வன்தட்டை ஐந்தேகால் அங்குல மாடத்தில் வைத்தால் பக்கத்துக்கு 22.2 மி.மீ. வெற்றிடம் எஞ்சும். இரண்டரை அங்குல வன்தட்டை மூன்றரை அங்குல மாடத்தில் வைத்தால் பக்கத்துக்கு 15.9 மி.மீ. எஞ்சும்.

இவ்வாறு பொருத்த வேண்டிய தேவை அடிக்கடி எழுவது. மடிக்கணினி பழுதாகிவிடும், திரை போயிருக்கும், தாய்ப்பலகை கெட்டிருக்கும், வன்தட்டு மட்டும் நலமாக இருக்கும். பல்லாண்டுக் கணக்குகளும் குடும்பப் படங்களும் முடிவுறாத ஆய்வேடும் அதற்குள் கிடக்கும். அதைக் கழற்றி மேசைக் கணினியில் பொருத்திக்கொள்வது சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும். ஆயினும் எஞ்சும் வெற்றிடத்தை எதனாலேனும் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதிவிடுகின்றனர். அட்டைத் துண்டு, நுரைப்பஞ்சு, இருபுறமும் ஒட்டும் நாடா எனக் கைக்கு அகப்பட்டதைச் செருகி மூடிவிடுகின்றனர். சிலர் வன்தட்டை மாடத்தின் அடித்தகட்டில் அப்படியே படுக்க வைத்து விடுகின்றனர். கணினியும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அது எப்படி ஓடுகிறது என்பதை உள்ளே புகுந்து பார்த்தால், இடத்தை அடைப்பது மிகச் சிறிய பகுதி என்பதும், சுழலும் ஒரு பொருளை அசையாமல் பிடித்து நிறுத்துவதே உண்மையான வேலை என்பதும் புலப்படும்.

மாடத்தின் அளவு வன்தட்டுக்காகப் பிறந்ததன்று. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஷூகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் எஸ்ஏ-400 என்னும் நெகிழ்வட்டு இயக்கியை வெளியிட்டது. ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டை உள்வாங்கவேண்டிய அக்கருவியின் உடல் ஐந்தேமுக்கால் அங்குல அகலமும் மூன்றேகால் அங்குல உயரமும் கொண்டது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆலன் ஷூகார்ட் பின்னர் சீகேட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் சீகேட் எஸ்டி-506 என்னும் வன்தட்டைக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட்டு. உடலளவோ நெகிழ்வட்டு இயக்கியின் அளவேதான். கணினி செய்வோர் தம் பெட்டியில் ஓர் அங்குலமும் மாற்றாமல் நெகிழ்வட்டு இருந்த இடத்தில் வன்தட்டைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதே அந்த அளவின் பயன். 1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியின் முகப்பில் இத்தகைய மாடங்கள் இரண்டு இருந்தன. பின்னர் உயரம் பாதியாகி 41.3 மி.மீ. ஆயிற்று, அகலம் மட்டும் மாறவில்லை. நெகிழ்வட்டு மறைந்த பிறகும் குறுந்தட்டு இயக்கிகள் அதே அகலத்தை ஏற்றுக்கொண்டமையால் அம்மாடம் பிழைத்துக்கொண்டது. 1996இல் குவாண்டம் நிறுவனம் பிக்ஃபுட் என்ற பெயரில் ஐந்தேகால் அங்குல வன்தட்டை மீண்டும் கொணர்ந்தது. அதற்குமுன்பே காலம் மாறிவிட்டிருந்தது.

மூன்றரை அங்குல வன்தட்டை முதலில் செய்தது ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம், ஆண்டு 1983. இரண்டரை அங்குலத்தை 1988இல் தொடங்கிவைத்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பிரெய்ரிடெக். பெயரில் உள்ள அங்குலத்தை நம்பி யாரும் அளவெடுத்தல் ஆகாது. மூன்றரை அங்குல வன்தட்டின் உடல் சரியாக நான்கு அங்குல அகலம் உடையது. அதனுள் சுழலும் தட்டின் விட்டமோ பெரும்பாலும் 95 மி.மீ., அதாவது மூன்றேமுக்கால் அங்குலத்தை ஒட்டியது. இரண்டரை அங்குல வன்தட்டுக்குள் சுழல்வது 65 மி.மீ. தட்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பம்போல் திருகாணித் துளைகளை இட்டதால், ஒருவர் செய்த சிறிய வன்தட்டு மற்றொருவர் செய்த சட்டத்தில் உட்காரவில்லை. இச்சிக்கலைத் தீர்க்கவே 1990இல் எஸ்எஃப்எஃப் குழு என்ற தொழிற்குழு கூடிற்று. இரண்டரை அங்குல வன்தட்டின் பக்கத் துளைகள் ஒன்றுக்கொன்று 76.6 மி.மீ. தொலைவில் அமைவதும், அடித்துளைகள் குறுக்கே 61.7 மி.மீ. தொலைவில் அமைவதும் அத்தகைய உடன்பாட்டின் பயன். வன்தட்டை மாடத்தில் பிடித்து நிறுத்த எந்த நாட்டில் செய்த தாங்கியும் எந்த நிறுவனத்தின் வன்தட்டுக்கும் பொருந்துவதற்குக் காரணம் இந்த ஒழுங்கே. பொதுமக்கள் அறியாத இத்தகைய உடன்பாடுகளுக்குத் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

வன்தட்டு ஏன் சிறுத்தது? மடிக்கணினிக்காக என்பது விடையின் ஒரு பாதியே. மறுபாதி காற்றில் உள்ளது. ஒரு நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் 95 மி.மீ. தட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர், அதாவது மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. தட்டு தன்னோடு காற்றையும் இழுத்துச் சுழற்றுகிறது. இதற்காக இழக்கப்படும் ஆற்றல் சுழற்சி வேகத்தின் 2.8ஆம் அடுக்குக்கும் தட்டு விட்டத்தின் 4.6ஆம் அடுக்குக்கும் ஏற்ப உயர்கிறது எனப் பொறியியலார் கணிக்கின்றனர். 7200 சுற்றை 15,000 ஆக்கினால் காற்றுக்கு இரையாகும் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். விட்டத்தை 95 மி.மீ.யிலிருந்து 65 மி.மீ.க்குக் குறைத்தாலோ அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழாகச் சரியும். இரண்டையும் ஒருங்கே செய்தால் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஈடாகி, இழப்பு ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும். ஆகவேதான் 2000ஆம் ஆண்டில் சீகேட் வெளியிட்ட 15,000 சுற்றுச் சீட்டா வன்தட்டு வெளித்தோற்றத்தில் மூன்றரை அங்குலமாக இருந்தும், உள்ளே சுழன்றது ஏறத்தாழ இரண்டரை அங்குலத் தட்டே. பெரிய கூட்டுக்குள் சிறிய தட்டை வைக்கும் வழக்கத்தை வன்தட்டு செய்வோரே கைக்கொண்டனர்.

2008இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் இதனை வெளிப்படையாகவே செய்தது. வெலாசிராப்டர் என்ற அதன் 10,000 சுற்று வன்தட்டு உண்மையில் இரண்டரை அங்குலக் கருவி. அதனை மூன்றரை அங்குல அகலமுள்ள, துடுப்புகள் கொண்ட உலோகச் சட்டத்தில் அமர்த்தி விற்றனர். அச்சட்டம் மூன்று வேலைகளைச் செய்தது: வெற்றிடத்தை நிரப்பியது, வன்தட்டை விறைப்பாகப் பிடித்தது, வெப்பத்தை வாங்கிக் காற்றில் விட்டது. ஆயினும் முதற்பதிப்பில் ஒரு குறை இருந்தது. மின் இணைப்பியின் இடம் உண்மையான மூன்றரை அங்குல வன்தட்டின் இணைப்பி இருக்கும் இடத்தோடு ஒத்துவரவில்லை. வடத்தைக் கையால் செருகுவோருக்கு இதனால் தொல்லையில்லை. வன்தட்டைத் தள்ளியவுடன் பின்பலகையில் தானே செருகிக்கொள்ளும் பரிமாறிக் கணினிகளில் அது பொருந்தாது போயிற்று. பின்னர் இணைப்பியை இடம் மாற்றி அமைத்த பதிப்பு வந்தது. இன்றும் சேமிப்புப் பெட்டிகளில் சிறிய வன்தட்டைப் பொருத்த விழைவோர் வெறுந்தாங்கியை வாங்காமல், இணைப்பியையும் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் மாற்றுத்தட்டத்தை வாங்குதல் வேண்டும்.

இனிப் பொருத்தும் செயலுக்கு வருவோம். முதலில் திருகாணி. மூன்றரை அங்குல வன்தட்டின் துளைகளுக்குரியது 6-32 எனப்படும் அமெரிக்க அளவுத் திருகாணி. அதன் தண்டு 3.5 மி.மீ. விட்டமுடையது, ஓர் அங்குல நீளத்தில் 32 மரைச் சுற்றுகள் அமையும். இரண்டரை அங்குல வன்தட்டுக்கு உரியது எம்3. தண்டின் விட்டம் 3 மி.மீ., மரைக்கு மரை அரை மி.மீ. குறுந்தட்டு இயக்கிக்கும் எம்3தான். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று தோன்றாது. நகத்தை மரையின்மேல் மெல்ல ஓட்டினால் தெரிந்துவிடும்: 6-32 ஒவ்வொரு வரியிலும் நகத்தைத் தடுத்து நிறுத்தும், எம்3இன் வரிகள் நெருங்கியிருப்பதால் நகம் ஏறக்குறைய வழுக்கியே செல்லும். எம்3 திருகாணியை 6-32 துளையில் இட்டால் அது நன்கு பற்றாமல் தளர்ந்து ஆடும். தலைமட்டும் தாங்கியில் பட்டு நிற்பதால் இறுகிவிட்டது போன்ற பொய்த்தோற்றம் தரும். 6-32 திருகாணியை எம்3 துளையில் இட்டால் அரைச் சுற்றில் நின்றுவிடும். அங்கேயே நிறுத்தினால் தீங்கில்லை. கையின் வலிமையைக் காட்டினால், எஃகுத் திருகாணி அலுமினிய வார்ப்பின் மரையை அறுத்துவிடும். அத்துளை அதன்பின் எதற்கும் உதவாது.

நீளமும் கருதத்தக்கது. மூன்றரை அங்குல வன்தட்டின் பக்கத் துளைக்குள் திருகாணி புகக்கூடிய ஆழம் 4 மி.மீ.க்கும் குறைவு, இரண்டரை அங்குல வன்தட்டில் 3 மி.மீ. அளவே. தாங்கியின் தகட்டுத் தடிப்பைக் கூட்டிக்கொண்டு, அதற்கேற்ற நீளமுள்ள திருகாணியைத் தேர்தல் வேண்டும். கணினிப் பெட்டியை மூடப் பயன்படும் நீண்ட திருகாணியை எடுத்து இங்கே முடுக்கினால் அதன் முனை உள்ளேயுள்ள மின்சுற்றுப் பலகையையோ வார்ப்பின் உட்புறத்தையோ முட்டும். நான்கு திருகாணிகளையும் முதலில் தளர்வாக இட்டு, வன்தட்டு தாங்கியில் சீராகப் படிந்தபின், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குவதே முறை. ஒருபக்கத்தை முற்றும் இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குச் சென்றால், கோணலான தாங்கி வன்தட்டின் உடலையே முறுக்கும். அவ்வுடலில்தான் சுழல்தண்டின் அடியும், தட்டில் படித்து எழுதும் முனையைத் தாங்கும் கரத்தின் அச்சும் பதிந்துள்ளன. அவற்றிடையேயுள்ள ஒழுங்கு குலைய மிகச் சிறிய முறுக்கலே போதும்.

எவ்வளவு சிறியது? வன்தட்டின் பரப்பில் செய்திகள் வட்டத் தடங்களாக எழுதப்படுகின்றன. இக்கால வன்தட்டில் ஆரத்தின் ஓர் அங்குலத்துக்கு நான்கு இலட்சம் தடங்கள் உண்டெனக் கொண்டால், ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 63.5 நானோமீட்டரே இருக்கும். 1956இல் ஐபிஎம் செய்த ரேமாக், 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கி ஐம்பது இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. அதில் முனைக்கும் தட்டுக்கும் இடையே இருபது மைக்ரோமீட்டர் காற்றுப்படலம் இருந்தது. இன்றோ அவ்விடைவெளி சில நானோமீட்டரே. தலைமுடி ஒன்றின் குறுக்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட தடங்கள் அடங்கும் இப்பரப்பில், முனை தன் தடத்தின் நடுவிலேயே நிற்பதற்குத் தட்டில் பதித்த வழிகாட்டிக் குறிகளை இடைவிடாது படித்துத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதிர்வு அத்திருத்தத்தின் ஆற்றலை மிஞ்சும்போது முனை தடத்தின் நடுவை விட்டு விலகும். அப்போது எழுதினால் பக்கத்துத் தடம் கெடும் ஆதலின், வன்தட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டு அதே இடம் மீண்டும் சுழன்று வரும்வரை காத்திருக்கும். 7200 சுற்று வன்தட்டில் அக்காத்திருப்பு 8.3 மில்லிநொடி; 5400 சுற்றில் 11.1 மில்லிநொடி. ஒருமுறை எனில் அற்பம். நொடிக்குப் பன்முறை நிகழ்ந்தால் கணினி காரணமின்றித் தயங்குவதுபோல் தோன்றும். பயனர் நச்சுநிரலைத் தேடுவார். குற்றம் தளர்ந்த திருகாணியில் இருக்கும்.

அதிர்வு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. வன்தட்டே அதை உண்டாக்குகிறது. முனை தாங்கிய கரம் ஒரு தடத்திலிருந்து தொலைவிலுள்ள மற்றொரு தடத்துக்கு மில்லிநொடிகளில் பாய்கிறது. கரத்தை ஒருபுறம் சுழற்றும் திருப்புவிசைக்கு ஈடாக வன்தட்டின் உடல் எதிர்ப்புறம் திருப்பப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கும் விலக்கின்றி ஆள்கிறது. உடல் விறைப்பாகப் பெட்டியோடு பிணைந்திருந்தால் அத்திருப்புவிசையைப் பெட்டி முழுவதும் ஏற்றுக்கொள்ளும். மாடத்தில் தளர்வாகக் கிடந்தால் உடலே சற்றுத் திரும்பும். கரம் தன் தடத்தில் வந்து அடங்குவதற்குக் கூடுதல் நேரமாகும். மூன்றரை அங்குல வன்தட்டு ஏறத்தாழ அறுநூறு, எழுநூறு கிராம் எடையுள்ளது. மடிக்கணினி வன்தட்டு நூறு கிராமை ஒட்டியது. அதன் கரமும் சிறிதே எனினும், தன் எடையால் தானே அமைந்து கிடக்கும் தன்மை இந்த இலேசான உடலுக்குக் கிடையாது. சிறிய வன்தட்டுக்குப் பிடிப்பு தேவையில்லை என்ற பரவலான எண்ணம் இதனால் பிழையாகிறது.

இனித் தாங்கியின் விறைப்பு. பக்கத்துக்கு 22 மி.மீ. நீண்டு நிற்கும் தகட்டுக் கரங்கள்தாம் வன்தட்டைச் சுமக்கின்றன. ஒரு தகட்டின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். நீளத்தை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகும். ஆகவே அரை மி.மீ. தகரத்தில் செய்த மலிவுத் தாங்கிக்கும் ஒரு மி.மீ. எஃகில் செய்த தாங்கிக்கும் விலையில் உள்ள வேறுபாட்டைவிடக் குணத்தில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. தகட்டின் ஓரங்களைச் செங்குத்தாக மடித்திருந்தால் மெல்லிய தகடும் நன்கு விறைக்கும். வாங்கும்போது விரலால் அழுத்தி, வளைகிறதா என்று பார்ப்பதே போதிய சோதனை. ஒவ்வொரு தாங்கிக்கும், அது சுமக்கும் எடையோடு சேர்த்து, இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. 5400 சுற்று வன்தட்டு நொடிக்கு 90 முறையும், 7200 சுற்று வன்தட்டு 120 முறையும் சுழல்கின்றன. தாங்கியின் இயல்பு அதிர்வெண் அந்த எண்ணோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு எழும். சிறிய நடுக்கம் பெருகிப் பெட்டி முழுவதும் முரலும். விறைப்பான தாங்கியின் அதிர்வெண் இவ்வெண்களுக்கு மிக மேலே அமைவதால் இத்தொல்லை தோன்றாது. இரு வன்தட்டுகள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் பெட்டியில் முரலல் சில நொடிக்கொருமுறை ஏறி இறங்குவதைக் கேட்கலாம். இரண்டின் சுழற்சி வேகமும் மயிரிழை மாறுபடுவதால், இரு அதிர்வுகளும் ஒருகால் கூடி ஒருகால் கழிந்து விளையும் விம்மல் அது.

அதிர்வின் வலிமையைக் கண்ணாரக் காட்டிய சோதனை ஒன்று 2008ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த வன்தட்டு அடுக்கின் முன்னே நின்று உரக்கக் கத்தினார். திரையில் ஓடிய வரைபடத்தில் அந்தக் கணமே வன்தட்டுகளின் தாமதம் கூர்ந்து எழுந்தது. மனிதக் குரலின் காற்றதிர்வே தடத்திலிருந்து முனையை அசைக்கப் போதுமானது என்றால், தளர்ந்து ஆடும் தாங்கியும் அருகில் சுழலும் விசிறியும் என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ரப்பர் வளையங்களைப் பற்றி இங்கொரு சொல். ஓசையைக் குறைக்க அவை உதவுவது உண்மை. நல்ல பெட்டிகளில் அளவறிந்து அமைத்த ரப்பர் வளையங்கள் உண்டு. அவை வன்தட்டின் முரலலைத் தகரத்துக்குக் கடத்தாமல் உறிஞ்சுகின்றன. ஆனால் மிக மென்மையான ரப்பரில் தொங்கவிட்டால், கரம் பாயுந்தோறும் உடல் ஊசலாடும். ஓசை குறைந்து தாமதம் கூடும். சுழலும் வன்தட்டை ஒட்டுநாடாவால் மட்டும் பிடித்து வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பெட்டியின் வெப்பத்தில் பசை இளகும். செங்குத்தாக ஒட்டியிருந்தால் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே விழும். படுக்கையாக, பக்கவாட்டாக, நிமிர்வாக என எந்நிலையிலும் வன்தட்டு இயங்கும். ஓடுகையில் நிலை மாறுவதை மட்டும் அது தாங்காது.

வெப்பத்தில் சிறிய வன்தட்டுக்கு ஆதாயம் உண்டு. மூன்றரை அங்குல 7200 சுற்று வன்தட்டு வேலை செய்கையில் ஆறு முதல் ஒன்பது வாட்டு வரை உண்ணும். மடிக்கணினி வன்தட்டு இரண்டு வாட்டை ஒட்டியே நிற்கும். எனினும் ஐந்தேகால் அங்குல மாடங்களின் முன்புறம் பெரும்பாலும் மூடியிருக்கும். விசிறிக்காற்று கீழேயுள்ள மூன்றரை அங்குல மாடங்களுக்கே செல்லும். சுற்றிலும் இடம் இருந்தும் தேங்கிய காற்றில் வன்தட்டு சூடேறும். உலோகத் தாங்கி இங்குக் கைகொடுக்கிறது. எஃகைக் காட்டிலும் அலுமினியம் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் கடத்தும். பிளாஸ்டிக்கோ எஃகின் கடத்துதிறனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாதது. முகப்பு மூடியில் வலைக்கண் இருக்குமாறு மாற்றிவிட்டால் நன்று. வன்தட்டின் மேலுறையில் ஊசித்துளை போன்ற ஒரு மூச்சுத்துளை காணப்படும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் ஒத்திருக்க அது வேண்டும். நுரைப்பஞ்சையோ நாடாவையோ அதன்மேல் ஒட்டுதல் கூடாது. 2013 முதல் வெளிவரும் ஹீலியம் நிரப்பிய வன்தட்டுகள் முற்றும் அடைத்தவை. அவற்றுக்கு அத்துளை இல்லை. அவ்வகைப் பேரளவு வன்தட்டுகள் சிலவற்றில் பக்கத்து நடுத்துளையும் இருப்பதில்லை. பழைய தாங்கியை வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்க.

மின் இணைப்பு இன்று எளிதாகிவிட்டது. 2003ஐ ஒட்டிப் பரவிய சாட்டா முறையில் இரண்டரை அங்குலத்துக்கும் மூன்றரை அங்குலத்துக்கும் ஒரே இணைப்பிகள்: செய்திக்கு ஏழு முனைகள், மின்னுக்குப் பதினைந்து. மின்வடத்தில் 12 வோல்ட்டும் வருகிறது. மின்னோடியையும் 5 வோல்ட்டிலேயே ஓட்டும் மடிக்கணினி வன்தட்டு அதனைத் தொடுவதே இல்லை. பழைய ஐடிஇ வன்தட்டுகளின் நிலை வேறு. மூன்றரை அங்குலத்துக்கு 40 ஊசிகள், ஊசிக்கு ஊசி 2.54 மி.மீ.; மின்னுக்குத் தனிச் செருகி. இரண்டரை அங்குலத்துக்கு 44 ஊசிகள், இடைவெளி 2 மி.மீ.; கூடுதலான நான்கு ஊசிகளின் வழியாகவே 5 வோல்ட்டும் செல்லும். ஆகவே இரண்டுக்கும் இடையே ஒரு மாற்றுப்பலகை தேவை. அவ்வன்தட்டின் முகத்தை விளக்கொளியில் உற்றுநோக்கினால், 44 ஊசி வரிசைக்கு அப்பால் ஒரு சிறு இடைவெளிவிட்டு மேலும் நான்கு ஊசிகள் நிற்பது தெரியும். அவை வன்தட்டின் முதன்மை, துணை நிலையைக் குறிக்கும் அமைப்பூசிகள். மாற்றுப்பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் அது அந்நான்கின் பக்கம் நகர்ந்து ஏறிவிடக்கூடும். மின் பாய்ந்த நொடியில் வன்தட்டு கருகும். பழைய படங்களையும் கணக்குகளையும் மீட்க வந்தவர் அவற்றைத் தம் கையாலேயே அழித்தவர் ஆவார். இந்த ஒரு செயலில் மட்டும் விரைவு வேண்டா: இடைவெளியைக் கண்டறிந்து, வரிசையின் மறுமுனையிலிருந்து எண்ணிக்கொண்டு, பின்னரே அழுத்துக.

சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகங்கள் இரண்டரை அங்குல உடலையே ஏற்றுக்கொண்டன. அவற்றுக்கு விறைப்பும் அதிர்வும் பொருட்டல்ல. ஒரே ஒரு திருகாணியில் பிடித்தாலும், ஏன், ஒட்டுநாடாவில் நிறுத்தினாலும் இயங்கும். வடத்தின் இழுப்பால் இணைப்பி நெகிழாமல் இருந்தால் போதும். அவற்றுள் சிலவற்றின் உறையைத் திறந்தால், உடலின் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள மின்சுற்றுப் பலகை ஒன்று ஓரமாக அமர்ந்திருக்கும்; எஞ்சியது வெற்றிடம். அந்த உடலளவு சுழலும் தட்டுக்காக வகுக்கப்பட்டது. தட்டு போனபின்னும் துளைகளும் அகலமும் நிற்கின்றன. தாய்ப்பலகையிலேயே நேராகச் செருகும் எம்.2 பலகைகள் வந்தபின் புதிய பெட்டிகளில் ஐந்தேகால் அங்குல மாடம் அருகி வருகிறது. இருப்பினும் விலை நோக்கிப் பேரளவுச் சேமிப்புக்குச் சுழலும் வன்தட்டையே நாடுவோர் பலர். பழைய பெட்டியில் உள்ள பெரிய மாடத்தை வீணாக விடாமல் நல்ல எஃகுத் தாங்கி ஒன்றை இட்டு அங்கே ஒரு வன்தட்டை அமர்த்துவது இன்றும் தகுந்த செயலே.

பொருத்தி முடித்தபின் வன்தட்டையே கேட்டறிய வழி உண்டு. தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு ஒவ்வொரு வன்தட்டிலும் உள்ளது. அதனைப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள்கள் பல. பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுக்கவிட்டு அரைமணி நேரம் ஓடியபின் 194ஆம் எண்ணில் வெப்பநிலையைப் பார்க்க. ஐம்பது பாகை செல்சியசை நெருங்கினால் காற்றுக்கு வழிசெய்தல் வேண்டும். 199ஆம் எண் வடத்தில் நேர்ந்த பரிமாற்றப் பிழைகளின் தொகை. அது ஒருமுறை ஏறினால் இறங்காது. ஆகவே தொகையை நோக்காது, நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதையே நோக்குக. கூடினால் தட்டில் குறையில்லை. மாடத்தின் ஆழத்தில் மடங்கி நெருக்குண்ட வடத்தை மாற்றினால் சரியாகும். பெட்டியின் பக்கத் தகட்டை மூடுமுன் விரல்நுனியை வன்தட்டின் மேல் ஒருமுறை வைத்துப் பார்க்க. சீரான மெல்லிய நடுக்கம் இயல்பு. அந்நடுக்கம் தாங்கியில் வன்தட்டைவிட மிகுதியாகத் தெரிந்தால், கணினியை நிறுத்தி, நான்கு திருகாணிகளையும் தளர்த்தி மீண்டும் இறுக்குக.